சும்மா இருக்கும் டிஸ்க்

"டீச்சர், நாலு டிஸ்க் வாங்கி மாட்டினோம். மூணு டிஸ்க் அளவுக்குத்தான் இடம் காட்டுது. நாலாவது தண்டச்சோறு தின்னுட்டு இருக்கு. அது எதுன்னு காட்டுங்க, கழட்டி என் லேப்டாப்புல மாட்டிக்கிடுதேன்."

என்று அவசரப்படுத்தினார் எஸ்தாக்கி.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் ஒரு சின்ன ஸ்டுடியோ அது, பாளையங்கோட்டையில். ஒலிப்பதிவு முழுக்க எஸ்தாக்கி பொறுப்பு. பதிவெல்லாம் சேர்வது நாலு டிஸ்க் மாட்டிய ஒரு பெரிய பெட்டியில். கம்ப்யூட்டர் வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் சபூரா. வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் மனுஷன் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"இப்ப என்னண்ணே அவசரம்?"

"பெட்டி நிறைஞ்சிட்டு, மிச்சத்தை லேப்டாப்புலதான் பதியணும். ரெஜினா வாசிக்க இன்னும் பாதிப் புத்தகம் கிடக்கு."

ரெஜினா அவர் மனைவி. தொண்டையில் புற்றுநோய். வியாழக்கிழமை குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் குரல் கிடையாது. அதற்குள் ஒரு புத்தகத்தையாவது முழுசாக வாசித்து வைத்துவிட வேண்டுமென்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் காத்திருக்கிறாள், பாவம்.

சபூரா மேஜைக்கு அடியிலிருந்து, பழகுவதற்கென்று வைத்திருந்த பழைய பெட்டியை இழுத்தாள். அதிலும் நாலு டிஸ்க், எல்லாம் சின்னது. ரெஜினா நேற்று வாசித்ததை ஒரு காப்பி எடுத்து அதில் போட்டு, ஓடவிட்டாள்.

ஸ்பீக்கரில் ரெஜினா வாசிக்க ஆரம்பித்தாள்.

"சும்மா இருக்கிறதை நீங்களே எடுங்க."

எஸ்தாக்கி கடைசி டிஸ்க்கை உருவினார். குரல் நிற்கவில்லை.

"பார்த்தீங்களா! இதுதான் அந்தச் சோம்பேறி!"

"திரும்ப மாட்டுங்க."

மாட்டினார். பெட்டி அந்த டிஸ்க்கை மறுபடி எழுதி முடிக்கும்வரை இரண்டு பேரும் டீ குடித்தார்கள். குடித்தாரோ முழுங்கினாரோ, எஸ்தாக்கிக்கே தெரியாது.

"இப்ப முதல் டிஸ்க்கை எடுங்க."

எடுத்தார். ரெஜினா பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனாள்.

"இதென்ன கூத்து! அப்போ இதுவும் சும்மாதானா?"

"இல்லண்ணே. அதுலயும் அக்கா குரல் இருந்துச்சு. நீங்க எடுத்ததும் மத்த மூணும் சேர்ந்து கணக்குப் போட்டு, அதுல இருந்ததைச் சொல்லுது. அந்தக் கணக்கை எழுதி வைக்கத்தான் ஒரு டிஸ்க் அளவு இடம் போகுது. நாலுலயும் பிரிச்சுப் பிரிச்சு எழுதியிருக்கு."

"நல்லதுதான். ஒண்ணு இல்லாமலும் ஓடுதுல்லா? நான் ஒண்ணை எடுத்துக்கிடுதேன் டீச்சர். வியாழக்கிழமை வரைக்கும்."

"எடுத்துட்டீங்க. உங்க கையிலதான் இருக்கு. இப்ப மிச்சத்துல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு வைங்க."

சபூரா இன்னொரு டிஸ்க்கைக் காட்டினாள்.

எஸ்தாக்கி அதையும் உருவினார்.

ஒரு சொல்லின் நடுவில் ரெஜினா நின்றுபோனாள்.

ஐயோ என்று திரும்பச் சொருகினார். அழுத்திப் பார்த்தார். கையிலிருந்த இன்னொன்றையும் சொருகினார். ஸ்பீக்கரில் மூச்சுப்பேச்சு இல்லை.

"காப்பிதான் அண்ணே," என்றாள் சபூரா. அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. "நிஜப் பதிவு பெரிய பெட்டியில பத்திரமா இருக்கு. ஒண்ணு போனாத்தான் மத்தது கணக்குப் போட்டுச் சொல்லும், ரெண்டு போனா எல்லாம் போச்சு."

அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு டிஸ்க்கையும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரெஜினா மைக்கில் கேட்டாள்.

"என்னங்க, இடம் கிடைச்சுதா?"

எஸ்தாக்கி பெரிய பெட்டியில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் திறந்து, எது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே நின்றவை அவருடைய பட்டிமன்றப் பேச்சுகள். ஊர் ஊராகப் போய்ப் பேசியது, கைதட்டலோடு, வீடியோவாக. ஆளில்லாத நேரத்தில் தானே போட்டுப் பார்த்து ரசிப்பார்.

ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. மொத்தமாக அழித்தார்.

"கிடைச்சிட்டு புள்ள. நான் பேசினது போதும். நீ வாசி."