பவுனுக்குக் கிடைக்காத கோடு

மேற்குக் காட்டில் பவுனு அளவுக்கு மண் தோண்டத் தெரிந்த பெருச்சாளி கிடையாது. என்ன பிரயோசனம்? மூன்று வருஷமாக மழை இல்லை, வேலைக்குக் கூப்பிடவும் ஆள் இல்லை. வளையில் நான்கு குட்டிகள் பசியில் கத்திக்கொண்டே கிடந்தன.

அப்போது சிங்கராஜாவிடமிருந்து சேதி வந்தது. "எந்தக் காட்டில் வேலை இல்லாதவர்கள் அதிகமோ, அங்கே குளம் வெட்டப்படும். தோண்டுகிறவர்களுக்குத் தினமும் கிழங்கு!"

பவுனுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம காடுதான்! நம்மை விட்டா வேற யாரு?" என்று குட்டிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வருஷாவருஷம் கணக்கெடுக்கும் மரங்கொத்தி இந்த வருஷமும் வந்தது. வேலை இல்லாத ஒவ்வொருவருக்கும் மருதமரத்தில் ஒரு கோடு கொத்த வேண்டும். முதல் வருஷம் நாற்பது கோடு. போன வருஷம் பதினைந்து.

"இந்த வாரம் வேலை தேடினாயா?" என்று இளம் முயலிடம் கேட்டது.

"தேடி அலுத்துப்போச்சு. சும்மா இருக்க வேண்டாமேன்னு மறுபடி படிக்கிறேன்."

"அப்படியானால் நீ மாணவன். கோடு கிடையாது!"

"எனக்கு?" என்றது கிழட்டு ஆமை.

"உனக்கு வயதாகிவிட்டது. போய் ஓய்வெடு!"

பவுனு முன்னால் வந்தாள். "எனக்குப் போடுங்க ஐயா. கூப்பிட்டா இந்த நிமிஷமே வர்றேன்!"

"இந்த வாரம் தேடினாயா?"

"மூணு வருஷமா அலைஞ்சு நகமே தேஞ்சுபோச்சு. இல்லாத வேலையை எங்கே போய்த் தேடுறது?"

"சரி, வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாய்."

"அப்ப அது ஒரு வேலையா?"

"இல்லை!"

"அப்ப நான் வேலை இல்லாதவதானே!"

"அதுவும் இல்லை!" என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி பறந்துபோனது. அந்த வருஷம் மேற்குக் காட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.

கிழக்குக் காட்டில் ஆறு ஓடியது, பழம் உதிர்ந்தது. அங்கே வயிறு நிறைந்த வாலிபர்கள் காற்று வாங்கிக்கொண்டே, "வேலை தேடுகிறோம்!" என்றார்கள். எழுபது கோடு! ஆற்றுக்குப் பக்கத்திலேயே குளம் வெட்ட உத்தரவானது.

பவுனு சிங்கத்திடம் ஓடினாள். "ராஜா, எங்க காட்டுல ஒருத்தருக்கும் வேலை இல்லைங்க!"

"வேலை இல்லாதவரே இல்லாத காடாயிற்றே உங்களுடையது! கொடுத்துவைத்தவர்கள்!" என்று சிங்கம் வாழ்த்தி அனுப்பியது.

அவள் திரும்பி வந்தபோது வளையில் மூன்று குட்டிகள்தான் கத்தின.

அன்று பவுனுக்குத் தோண்டும் வேலை வந்தது. சின்னக் குழிதான். கூலி கிடையாது.

தேடித் தேடி ஓய்ந்துபோனவர்களை எண்ணாமல் விட்டால் கணக்குதான் குறையும், பசி குறையாது.