தாம்பூலம் இல்லாமல் வந்த கப்பல்

உப்புக்கு யாரும் விலை சொல்லாத காலம் அது. அந்தக் காலத்தில் வெண்கரை என்றொரு நாடு, அதற்கு ஒரு ராஜா. நல்ல ராஜா. சும்மா சொல்லவில்லை, கேளுங்கள்.

நிலமில்லாத குடிகளையெல்லாம் அவர் கப்பலேற்றி, கையில் விதைநெல்லும் கொடுத்து, கடலுக்கு அப்பால் ஒரு தீவில் குடியமர்த்தினார். தீவும் நன்றாக விளைந்தது. ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் ராஜாவின் கப்பல் அங்கே போகும். கப்பலிலிருந்து முதலில் இறங்குவது வேலும் இல்லை, வாளும் இல்லை, தாம்பூலத் தட்டு. வெற்றிலை பாக்கு வைத்து, இந்த வருஷம் உங்களால் என்ன கொடுக்க முடியும் என்று கேட்பார்கள். தீவு ஜனங்கள் கூடிப் பேசி, கப்பல் தண்ணீரில் தாழும் அளவுக்கு நெல் ஏற்றி அனுப்புவார்கள்.

அந்தப் புண்ணியவான் கண்ணை மூடினார். மகன் பட்டத்துக்கு வந்தான். வந்த சூட்டில் நாலு பக்கமும் சண்டை போட்டுக் கஜானாவைத் துடைத்து வைத்தான். என் குடிகளிடம் நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று தாம்பூலத் தட்டையும் நிறுத்தினான்.

முதல் வருஷம் உப்புக்கு வரி. தீவு முணுமுணுத்தது, ஆனாலும் கொடுத்தது. இரண்டாம் வருஷம் அடுப்புக்கு வரி. எந்த வீட்டில் எத்தனை அடுப்பு என்று சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆள் வந்தான். தீவு பல்லைக் கடித்தது, ஆனாலும் கொடுத்தது. மூன்றாம் வருஷம் பாக்குக்கு வரி.

அந்தத் தீவு மணலில் பாக்குமரம் வராது. வெண்கரையிலிருந்துதான் பாக்கு போக வேண்டும். பாக்கு மாற்றாமல் நம்மில் நிச்சயதார்த்தம் உண்டா, கல்யாணம் உண்டா? அங்கே போய்க் கையை வைத்தான் மகராசன்.

பாக்கு மூட்டைகளோடு போன கப்பலில் வரி வாங்கப் போனவர் தண்டல்காரர் சிற்றம்பலம். சாது மனுஷர். சொன்னதைச் செய்வார், அவ்வளவுதான். கப்பல் நங்கூரம் போட்டதும் தீவு ஜனங்கள் ஓடங்களில் வந்து ஏறினார்கள். ஒருவரையும் அடிக்கவில்லை. மூட்டைகளைத் தூக்கிக் கடலில் போட்டார்கள், அவ்வளவுதான். முதல் மூட்டையைத் தூக்கியவள் ஊர்த்தலைவி நாச்சியார். அதைத் தடுக்கப் போன சிற்றம்பலம் கால் வழுக்கிக் கடலில் விழுந்தார். பாவம், நீந்தத் தெரியாதவர். அவர் குடுமியைப் பிடித்து ஓடத்தில் இழுத்துப் போட்டவளும் அதே நாச்சியார்தான்.

அவள் வீட்டில் காய்ச்சலில் கிடந்தார் சிற்றம்பலம். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அப்போதுதான் அவள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வரிப் பாக்கைத் தொடுவதில்லை என்று தீவே சத்தியம் செய்திருந்ததால், வெற்றிலையில் பாக்குக்குப் பதில் தேங்காய்ச் சில்லை வைத்து மாற்றிக்கொண்டார்கள். பந்தியில் சிற்றம்பலத்துக்கும் இலை போட்டார்கள். வரி வாங்க வந்தவனுக்கு எதற்கம்மா சோறு என்று அவர் கூச்சத்தோடு கேட்டார்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? சாப்பிடுங்க ஐயா," என்றாள் அவள்.

பெற்ற தாய்க்குப் பிறகு எனக்கு இப்படிச் சோறு போட்டவள் இவள்தான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டார் சிற்றம்பலம்.

உடம்பு தேறி ஊர் திரும்பினால், சபையில் ராஜா கொதித்துக்கொண்டிருந்தான். பாக்கை முதலில் கடலில் போட்டவர் பெயரைச் சொல். சொன்னால் ஒரு கிராமம் உனக்கு, சொல்லாவிட்டால் உன் தலை எனக்கு என்றான். நாச்சியார் பெயர் சிற்றம்பலத்தின் நாக்கு நுனியில் இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, அவள் போட்டதோ வரி கட்டிய உப்பு! ராஜா ஒருமுறை கேட்டான். மறுமுறை கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது சிற்றம்பலம் வாய் திறந்தார்.

"தாங்கள்தான் மகாராஜா. உங்கள் தகப்பனார் பாக்கு வைத்துக் கேட்டார். அதைத் தாங்கள் தள்ளினீர்களே, அன்றைக்கு விழுந்ததுதான் முதல் பாக்கு. அவர்கள் போட்டதெல்லாம் அதற்குப் பிறகு."

சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டி நின்றார். ராஜாவின் கை வாளுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. என்ன இருந்தாலும் நல்லவர் பெற்ற பிள்ளை அல்லவா? இப்போது தட்டு வைத்துக் கேட்டால் கொடுப்பார்களா என்று மெல்லக் கேட்டான். கேட்டால்தானே தெரியும் மகாராஜா என்றார் சிற்றம்பலம்.

ராஜாவே தட்டைச் சுமந்துகொண்டு தீவில் இறங்கினான். நாச்சியார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தட்டு பிந்தி வந்திருக்கிறது, ராஜா. இனி எங்கள் தீவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வரி என்று இனி ஒன்றும் கிடையாது. ஆனால் உங்கள் அப்பா கொடுத்த விதைநெல்லைத்தான் இன்னமும் தின்றுகொண்டிருக்கிறோம். அதை மறந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது."

ராஜா தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, சண்டைக்கு நிற்காமல் திரும்பினான்.

சில வருஷம் போயிற்று. வெண்கரையில் மழை பொய்த்தது, குளம் வெடித்தது, களஞ்சியத்தில் எலிக்கும் வழியில்லை. உதவி கேட்கத் தீவுக்குத் தட்டு அனுப்பவும் ராஜாவுக்கு வெட்கம். ஒரு விடியலில் துறைமுகம் நிறையப் பாய்கள் தெரிந்தன. ஆள் அனுப்பவில்லை, கேட்கவில்லை. தீவு நெல்லோடு வந்துவிட்டது. ராஜா கரையில் நின்று குழந்தைபோல அழுதான். பக்கத்தில் சிற்றம்பலம், வெட்டுப்படாமல் பிழைத்த தலை நிமிர, கடலைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

ஆகவே கேளுங்கள்: மதித்துக் கேட்டால் களஞ்சியத்தையே திறந்துவிடுகிற கை, மிரட்டிப் பிடுங்கினால் ஒரு பாக்கைக்கூடக் கொடுக்காது.