சீட்டு அழைத்த பிரபு

மயில்சாமி பி.எச்.பி. என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர். பிடிவாதத்தில் மூன்று ஆளுக்குச் சமம். அவருக்குக் குரு, அவரைவிடப் பத்து வயது இளையவரான ஹசீனா. கோவையில் ஒரு பெரிய கட்டடத்தின் ஆறாவது மாடியில் அவர்கள் அலுவலகம்.

கல்யாண மண்டபங்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வலைத்தளம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ராகுகாலம் பார்க்கத் தெரிந்த ‘டேட்டைம்’ என்ற நிரல் துண்டை, அவர்கள் பாஷையில் கிளாஸை, தன் நிரல்களுக்கென்று வைத்திருந்த ‘நேம்ஸ்பேஸ்’ என்ற தனி வீட்டுக்குள் மயில்சாமி பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். நிரலில் நேரடியாகப் பெயர் சொல்லி அழைத்தால் அது வந்தது. அதே பெயரை ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது வெறும் எழுத்தாக வைத்து, நிரல் ஓடும்போது உருவாக்கச் சொன்னால் மட்டும், பி.எச்.பி.யிலேயே இருக்கிற பொது டேட்டைம் வந்து நின்று, ராகுகாலமா, எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்தது.

சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் அவர் கிளாஸையே தூக்கிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

“ஸ்ட்ரிங்ல நேம்ஸ்பேஸோட சேர்த்து முழுப் பேரையும் குடுங்கண்ணா,” என்றார் ஹசீனா.

“மாட்டனுங்க மேடம். என் வீட்டுக்குள்ள நின்னு என் ஆளைக் கூப்பிட எனக்கெதுக்குங்க விலாசம்?”

ஹசீனா வாதாடவில்லை. இருந்த இடத்திலிருந்தே, “பிரபு,” என்றார். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த பிரபு நிமிர்ந்து பார்த்தான்.

“இப்ப அவன் பேரை ஒரு சீட்டுல எழுதி, கீழே பில்டிங் ரிசப்ஷன்ல குடுங்க. வாயைத் திறக்காம நில்லுங்க.”

இதென்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே மயில்சாமி போனார். ரிசப்ஷனில் இருந்த பெண் சீட்டைப் படித்தாள், போனை எடுத்தாள். தரைத்தள இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஆஜானுபாகுவான ஒருவர், சாம்பார் காயாத கையோடு வந்தார்.

“சாப்புட உடமாட்டீங்களா? யாருங்க பிரபுவைக் கூப்பிட்டது?”

மயில்சாமி மேலே வந்தபோது காது சிவந்திருந்தது.

“தப்பு அந்தப் பொண்ணு மேலதானுங்க. எழுதுனது நானு. நம்ம பிரபுவைத்தான் கூப்பிடறேன்னு தெரிய வேண்டாமுங்களா?”

“எப்படித் தெரியும்?”

“நான் இந்த ஆபீஸ்காரனுங்க.”

“நீங்க இந்த ஆபீஸ்தாண்ணா. சீட்டு எந்த ஆபீஸு?”

மயில்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்து, ஸ்ட்ரிங்கில் முழுப் பெயரையும் அடித்தார். திரையில் ராகுகாலம் வந்தது.

அப்போதும் அவர் ஹசீனா பக்கம் திரும்பவில்லை.