காலி லாரி போகும் பக்கம்

நெடுஞ்சாலை போட்டு இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஐந்து வருஷத்துக்குள் குழி விழுந்தால் காண்ட்ராக்டர் ராஜரத்தினமே சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அவரோ, விழுந்த குழிகளைப் பார்க்க வந்த நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரிடம், "ரோட்டை உடைச்சது குவாரி லாரிங்க பாரம் சார். அதுக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் தப்பித்தால் குழிகள் அப்படியே கிடக்கும்.

மண்வெட்டியோடு நின்ற சாலைப் பணியாளர் வேலப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, இந்தப் பக்கம் லாரிங்க காலியாத்தான் குவாரிக்குப் போகுது. கல்லோட திரும்புறது அந்தப் பக்கம். அங்கே ஒரு குழிகூட இல்லீங்களே?"

பொறியாளர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார், எழுதத் தொடங்கினார்.

"காலி லாரிதான்னு நீ எட்டிப் பார்த்தியாடா?" என்று சீறினார் ராஜரத்தினம்.

"போன மாசம் இந்தக் குழியில விழுந்த எம் மக மேல ஏறினது காலி லாரிதாங்க. காலியா இருந்தும் அவ பொழைக்கலை."