மூன்றாவது சுற்றுக் காப்பி

எத்தியோப்பியாவின் தெற்கே தில்லா என்றொரு காப்பிச் சந்தை ஊர். அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்குக் காப்பி ஊற்றிப் பிழைத்தவள் பிர்கே. ஒரே தூளில் மூன்று சுற்று காய்ச்சுவார்கள். மூன்றாவதில்தான் ஆசி இறங்கும் என்பார்கள்.

கூலிக்காரர் உட்கார்ந்த பெஞ்சில்கூட உட்காராத கிடங்கு முதலாளி தெஸ்ஸெமா ஒருநாள் வந்தார்.

"காத்திருக்க நேரமில்லை. எனக்கு மூன்றாவது சுற்றை முதலிலேயே கொடு. இல்லையென்றால் நாளைக்கு இங்கே உன் கடை இருக்காது."

பிர்கே "ஆகட்டும் ஐயா" என்று அடுப்பிலிருந்த மண்கூஜாவைச் சாய்த்தாள்.

முதலாளி உறிஞ்சினார். "அருமை. எப்படி இத்தனை சீக்கிரம்?"

"முதல் இரண்டு சுற்றையும் உங்கள் மூட்டைக்காரர்கள் குடித்துவிட்டார்கள் ஐயா."

ஆசியைப் பாதியில் கீழே வைக்கக் கூடாதே. பெஞ்சிலிருந்த மூட்டைக்காரர்கள் பார்த்திருக்க, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கடையைத் தூக்கினால் காரணம் சொல்ல வேண்டிவருமே என்று, அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.