தலையணை இல்லாத ரவுண்ட்ஸ்

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு வார்டுதான். பெரிய டாக்டர் அம்பலவாணன் ரவுண்ட்ஸ் வந்தால் நோயாளிகள் தலையணையின்றி, கோடு போட்டதுபோல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அன்றைக்கு மூச்சிரைப்புக்காரர் பிச்சைக்கண்ணு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்று ஆபரேஷன் முடிந்த சூசையம்மாள் நடை பழகினாள். மனநோய்க்கு வந்த காசி கட்டிலுக்கடியில் கிடந்தான்.

"எல்லாரையும் படுக்க வை! இல்லேன்னா உனக்கு வேலை இல்லை!" என்று நர்ஸ் மரகதவல்லியிடம் கத்தினார் டாக்டர்.

படுத்தால் பிச்சைக்கண்ணுக்கு மூச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சரிங்கய்யா. முதல்ல நீங்க படுத்துக் காட்டினா, பார்த்துப் படுப்பாங்க."

டாக்டர் காசியின் காலிக் கட்டிலில், தலையணையின்றி, பெருமையாகப் படுத்தார். காலையில் தின்ற நெய்ப்பொங்கல் தொண்டைக்கு ஏறி மூச்சு முட்டியது.

"இதுக்குத்தான் நான் மேலே படுக்கிறதில்லை" என்றான் கட்டிலுக்கடியிலிருந்து காசி.

"தலையணை கொண்டா!" என்று நர்ஸிடம் அலறினார் டாக்டர்.

"கோடு வளைஞ்சிடுமேய்யா!"

"கோடு நாசமாப் போகட்டும்! மூச்சு முட்டுறவனை உட்கார வைக்கணும்னு தெரியாதா?"

"தெரியுங்கய்யா. அதான் பிச்சைக்கண்ணு அண்ணனை உட்கார வெச்சிருக்கேன்."