செவலையின் முதல் சேணம்

புல்வெளி ஓரத்தில் ஒரு வேடனின் குடிசை. அதன் வாசலில் செவலை என்ற பெண்குதிரை கட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் சேணம் என்ற ஒன்றே கிடையாது. வேடன் வெறும் முதுகில் ஏறி ஏறிச் செவலைக்கு முதுகெல்லாம் புண்ணாகிவிட்டது.

ஆனால் வெறும் முதுகில் ஒரு வசதியும் இருந்தது. செவலை ஓர் உதறு உதறினால் வேடன் தொப்பென்று விழுவான்! குன்றடியில் அதன் குட்டி மந்தையோடு மேய்ந்துகொண்டிருந்தது. அங்கே போகும்போது அவனைத் தள்ளிவிட்டுக் குட்டியிடம் ஓடிவிட வேண்டும் என்பதுதான் செவலையின் ஒரே எண்ணம்.

தினமும் ஒரு காக்கை வந்து அந்தப் புண்ணைக் கொத்தித் தின்னும். அன்று அது பதறிக்கொண்டு வந்தது.

"செவலை! வேடன் மரச்சட்டத்தில் கம்பளி வைத்துத் தைக்கிறான். வயிற்றோடு இறுக்க வாரும், கால் நுழைக்க வளையமும் இருக்கின்றன. அதைக் கட்டிவிட்டால் அவன் விழவே மாட்டான்! இன்று குன்றுப் பக்கம்தான் போகிறான். இன்றைக்கே ஓடிவிடு!"

"புண் ஆறினால் உன் சாப்பாடு போய்விடும். அந்தக் கவலைதானே உனக்கு?"

காக்கை அசடு வழிந்தது. "அதுவும்தான். அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடுமா?"

"போ, போ! உன் வயிற்றுக்கு என் முதுகுதான் கிடைத்ததா? கம்பளி மெத்தென்று இருக்கும். புண் ஆறட்டும், பிறகு ஓடுகிறேன்!"

அன்று குன்றடியில் குட்டி கனைத்தது. "கொஞ்சம் பொறு, கண்ணே! முதுகு ஆறியதும் அம்மா வந்துவிடுவேன்!" என்று கனைத்துவிட்டுச் செவலை வேடனைச் சுமந்தபடியே திரும்பியது. பாவம், எவ்வளவு நம்பிக்கை!

மறுநாள் சேணம் ஏறியது. உண்மையிலேயே மெத்தென்றுதான் இருந்தது. சில வாரங்களில் புண்ணும் ஆறியது.

அடுத்த முறை குன்றடிக்குப் போனதும் செவலை துள்ளியது, உதறியது, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றது. வேடன் அசையவே இல்லை. வளையத்தில் காலை ஊன்றிக்கொண்டு, "தெம்பு வந்துவிட்டதடி உனக்கு!" என்று சிரித்தான்.

குட்டி எதிரேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மந்தை நகர்ந்தது. "அம்மா, வரவில்லையா?" என்று குட்டி ஒரு முறை கேட்டது. செவலை மறுபடியும் உதறிப் பார்த்தது. குட்டி மந்தையின் பின்னால் ஓடிவிட்டது.

சொல்பவரின் சுயநலத்தை மட்டும் பார்த்து, சொன்னதில் உள்ள உண்மையைப் பார்க்கத் தவறுகிறவர் பின்னால் அழத்தான் வேண்டும்.